மாதிரிக் கன்னம்

தாடை மூட்டு நிலையத்தில் வாயைத் திறந்து சொன்னால்தான் புகார். எழுதிக் கொடுத்தால் அது மனு. மனுவுக்கு வேறு கவுண்டர், அந்தக் கவுண்டருக்கு வேறு கட்டடம். கூட வந்தவர் சொன்னால் அது வதந்தி. தாடை பூட்டிக்கொண்டு வாய் திறக்காமல் வருகிறவர்களுக்கென்றே கட்டிய இடத்தில் இப்படி ஒரு விதியை எழுதிய ஆள் நிச்சயம் நிறையப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். படிக்காத மூளைக்கு இவ்வளவு தூரம் யோசனை ஓடாது.

இது தெரியாமல்தான் அறிவிப்புக்காரி அன்று காலை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள்.

பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று சொல்வது அவள் வேலை. வீட்டிலேயே முதல் பட்டதாரி. பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்காத படி இல்லை. கடைசியில் பட்டத்துக்குக் கிடைக்காத வேலை குரலுக்குக் கிடைத்தது. அந்தக் குரலுக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. முதலில் கொட்டாவி விடும்போது காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் வலி. அப்புறம் ஒரு நாள் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, அதற்கு மேல் மாட்டேன் என்று நின்றுவிட்டது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து உறிஞ்சிக் குடித்தாள். மைக்கில் ஊர்ப் பெயர்களெல்லாம் பல்லுக்குள் நசுங்கி வந்தன. வடக்கே போக வேண்டியவர்கள் தெற்கே போய் இறங்கி, அங்கிருந்து போன் போட்டுத் திட்டினார்கள்.

நிலைய மேலாளர் நல்ல மனிதர்தான், தன் மேல் பழி வராத வரைக்கும். "தாடை மூட்டு நிலையத்துல சிகிச்சை நடக்குதுன்னு ஒரு பேப்பர் கொண்டு வாம்மா, லீவு தர்றேன். வேற எந்த டாக்டர் பேப்பரும் செல்லாது. பேப்பர் இல்லேன்னா என்னைக் குறை சொல்லாத. பதிவு பண்ணின குரல் ஒண்ணு பெட்டியோட வந்து இறங்கியிருக்கு. அதுக்குத் தாடையே கிடையாது," என்றார்.

கூட வந்தது நாத்தனார், கணவனின் தங்கை. அதே பேருந்து நிலையத்தில் கண்டக்டர். நெரிசலான வண்டியின் முன்படியிலிருந்து பின்படி வரைக்கும் விசில் இல்லாமலே குரல் கொடுப்பவள். போகிற வழியெல்லாம் வேர்க்கடலையைக் கடித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அறிவிப்புக்காரிக்குத் தாடை கூசியது.

பயிற்சி டாக்டர் இளைஞர். மேசை மேல் கணினி, கணினிக்குப் பின்னால் அவர். முகம் பாதிதான் தெரிந்தது.

"என்ன பிரச்சினை? வாயைத் திறந்து சொல்லுங்க."

அறிவிப்புக்காரி பல்லிடுக்கு வழியாக என்னவோ சொன்னாள்.

"திறந்து சொல்லுங்க."

"வாய் திறக்க மாட்டேங்குது சார் எங்க அண்ணிக்கு. அதான் சார் புகாரே," என்றாள் நாத்தனார்.

"நோயாளி சொல்லட்டும்."

"வாய்தான் திறக்கலையே, எப்படி சார் சொல்லுவாங்க?"

"திறந்ததும் சொல்லட்டும். நாங்க காத்திருக்கோம். இங்க யாரையும் அவசரப்படுத்தறதில்லை."

"திறந்துட்டா நாங்க எதுக்கு சார் இங்க வர்றோம்?"

"அதைத்தானே நானும் கேக்கறேன். எதுக்கு வந்தீங்க?"

அறிவிப்புக்காரி மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். பயிற்சி டாக்டர் அதை மெதுவாக, மரியாதையோடு, அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு மனுக் கட்டடத்துக்கு வழி சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்தார். நேர்மையாகவே காத்திருந்தார், அதில் குறை சொல்ல முடியாது. கடைசியில் 'புகார் ஏதும் இல்லை' என்று தட்டினார். தட்டியதும் அவர் முகம் முதல் முறையாகக் கணினிக்குப் பின்னாலிருந்து முழுசாக எழுந்து வந்தது.

"அப்போ நீங்க ஆரோக்கியமானவங்க! உங்களைத்தாங்க தேடிக்கிட்டிருந்தோம். மெல்லுற தசையைப் படம் பிடிச்சு ஒரு ஆய்வு நடக்குது. வலிக்குதுன்னு வர்றவங்க ஏராளம். ஒப்பிட்டுப் பார்க்க நல்லா இருக்கறவங்க ஒருத்தர்கூட வர மாட்டேங்கறாங்க. 'நல்லா இருக்கறப்போ எனக்கு அங்க என்ன வேலை'ன்னு கேக்கறாங்க. எவ்வளவு சுயநலம் பாருங்க."

படம் எடுத்தால்தான் வைத்தியம் தொடங்கும் போலிருக்கிறது என்று அறிவிப்புக்காரி எழுந்து போனாள். எந்த ஆஸ்பத்திரியிலும் ஏழை அப்படித்தானே நினைப்பாள்.

ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. குழாய்க்குள் தலையைத் தள்ளினார்கள். கடைவாயில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, "கடிங்க" என்றது ஒலிபெருக்கி. கடித்தாள். வலி காதிலிருந்து பிடரி வரைக்கும் ஓடியது. "விடுங்க. கடிங்க. இன்னும் நல்லா. விடுங்க." கண்ணீர் பொலபொலவென்று காதுக்குள் வழிந்தது. "அழாதீங்க, கன்னம் ஆடுது," என்றது ஒலிபெருக்கி. அது அதட்டவில்லை. படத்தைப் பற்றிய அக்கறை, அவ்வளவுதான்.

அவளை வெளியே இழுத்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே பரபரப்பு. இயக்குநரே இறங்கி வந்திருந்தார். திரையில் அவள் கன்னத் தசை வெள்ளையும் சாம்பலுமாக, கொழுத்த பெரிய கட்டியாக நின்றது. மாதக்கணக்கில் வலியைப் பொறுக்கப் பல்லைக் கடித்துக் கடித்து, பளு தூக்குகிறவன் புஜம் மாதிரி புடைத்துப்போன தசை. இயக்குநர் அதன் முன்னால் செருப்பைக் கழற்றாத குறையாக நின்றார்.

"என்ன தடிமன்! என்ன விளிம்பு! ஆரோக்கியம்னா இதுய்யா. இனிமே இதுதான் நம்ம மாதிரிப் படம். வர்ற ஒவ்வொருத்தரையும் இதோட வெச்சுத்தான் பார்க்கணும்."

"சார், அவங்க அங்க உக்காந்திருக்காங்க. பார்க்கறீங்களா?" என்றார் பயிற்சி டாக்டர்.

"எதுக்கு? இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை. முகம் இருக்கே, அது பொய் சொல்லும். வலிங்கறது என்ன? நோயாளியோட சொந்தக் கருத்து. நான் கருத்துக்கெல்லாம் மருந்து கொடுக்கறவன் இல்லை."

மறுவாரம் சிகிச்சை கேட்டு இரண்டு பேரும் திரும்பப் போனபோது, அந்தத் தசை வாசலிலேயே ஆளுயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மறுபடி குழாய், மறுபடி ரப்பர். முடிவைப் பார்த்த பயிற்சி டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"மாதிரிப் படத்தோட உங்க தசை இம்மிகூடப் பிசகாமப் பொருந்துது! இதுவரைக்கும் இங்க யாருக்கும் இப்படிப் பொருந்தினதே இல்லை."

"அது... என்... படம்," என்றாள் அறிவிப்புக்காரி பல்லிடுக்கில்.

"அப்போ பொருந்தறதுல ஆச்சரியமே இல்லையே," என்று அவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், கண்ணு இருக்கா உனக்கு? இவங்க சோறு தின்னு மாசக்கணக்காகுது! நான் கல்லையும் கடிச்சுத் துப்புவேன், வா, என்னைப் படம் எடுத்துப் பாரு!"

கோபத்தில் சொன்னதை அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். நாத்தனாரின் தசை மெல்லிசாக, ஒழுங்காக, எல்லாருக்கும் இருப்பது போல இருந்தது. மாதிரியோடு கொஞ்சமும் ஒட்டவில்லை.

"ரொம்ப மோசமா இருக்கு," என்றார் பயிற்சி டாக்டர் தாழ்ந்த குரலில். "வலி இருக்கா?"

"ஒரு வலியும் இல்லை."

"அடடா. வலியே தெரியாத அளவுக்கு முத்திடுச்சு."

அடுத்தடுத்த படங்கள் ஆடாமல் வர வேண்டும் என்று அவள் மோவாயிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு பட்டி போட்டு இறுக்கிவிட்டார்கள். மெல்லக் கூடாது, பேசக் கூடாது. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் பட்டி ஏறிவிட்டது. கடலைப் பொட்டலம் மடியிலேயே கிடந்தது. அவள் வேலை பார்க்கிற வண்டியில் அந்த வாரம் முழுக்க எந்த நிறுத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. பயணிகள் ஜன்னலைப் பார்த்துக் குத்துமதிப்பாக இறங்கினார்கள்.

இப்படியே அங்கே ஒரு புது நியாயம் நடந்தது. வாசல் காவலாளி பட்டி போட்டுக்கொண்டு நின்றான். சும்மா துணைக்கு வந்த கணவன்மார், குழந்தையைத் தூக்கி வந்த தாய்மார், தண்ணீர் கேன் போட வந்தவன் என்று யாரெல்லாம் நன்றாக மென்று தின்றார்களோ அவர்களெல்லாம் நோயாளி. பல்லைக் கடித்துக் கடித்துக் கன்னம் வீங்கி, வலியில் சுருண்டு வந்தவர்கள் மாதிரியோடு பொருந்திப்போய், ஆரோக்கியச் சான்றிதழோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதில் ஒரு பெரியவர் சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலியோடு படியிறங்கிப் போனார். இவ்வளவு பெரிய படிப்பாளிகள் சொல்லும்போது தனக்குத்தான் வலிக்கத் தெரியவில்லையோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சிகிச்சைப் பிரிவு எங்கே என்று அறிவிப்புக்காரி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். பயிற்சி டாக்டர் அதை மனுவாகக் கருதாமல் பெருந்தன்மையோடு படித்தார்.

"அது இருந்துச்சு. அந்த இடத்துலதான் மெஷினை வெச்சிருக்கோம். சிகிச்சை பண்றவங்களை எல்லாம் படம் பார்க்கப் பழக்கி எடுத்துக்கிட்டோம். இப்போ சந்தோஷமா இருக்காங்க. நோயாளியைத் தொட வேண்டியதே இல்லை பாருங்க."

அவள் கையிலும் ஒரு சான்றிதழ் திணிக்கப்பட்டது. 'பரிபூரண ஆரோக்கியம்'. மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கேன்னு பெரிய ஆஸ்பத்திரியே எழுதியிருக்கு. அப்போ இவ்வளவு நாளா நாடகமா? திங்கக்கிழமை மைக் முன்னாடி நீ உக்காரு. சரியாப் பேசலைன்னா பெட்டி உக்காரும்."

அந்த வாரக் கடைசியில் தாடை மூட்டு நிலையத்தில் ஒரு விழா. மாதிரித் தசைக்குப் பாராட்டு. தசையின் சொந்தக்காரிக்கும் அழைப்பு வந்தது, வந்தால் நல்லது என்ற தொனியில். அறிவிப்புக்காரி ஒரே ஒரு காரணத்துக்காகப் போனாள். மேடை என்றால் மைக் இருக்கும். மைக் இருந்தால் வாயைப் பெரிதாகத் திறக்க வேண்டாம். ஊரே கேட்கிற மாதிரி, அவர்கள் விதிப்படி, தன் வாயாலேயே புகாரைச் சொல்லிவிடலாம். சொன்னால் புகார் பதிவாகும். பதிவானால் சிகிச்சை. சிகிச்சை என்றால் பேப்பர். திங்கட்கிழமைக்குள் அது வேண்டும்.

மேடையில், வாசலிலிருந்து கழற்றி வந்த அந்தத் தசைப் படம். அரங்கம் நிறையப் பட்டி போட்ட தலைகள். கைதட்டல் மட்டும்தான் கேட்டது, பேச்சுச் சத்தமே இல்லை. இயக்குநருக்கு அந்த மாதிரி சபை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

"சிலர் கேக்கறாங்க," என்று தொடங்கினார். "இவ்வளவு படம் எடுக்கறீங்களே, யாருக்காவது குணமாச்சான்னு. நான் கேக்கறேன், குணமாயிட்டா அப்புறம் எதைப் படம் எடுக்கறது? போன வருஷம் ஒருத்தர் சரியாகிப் போயிட்டார். எங்க ஆய்வுல இன்னைக்கும் அந்த இடம் காலியாக் கிடக்கு. அந்த வருத்தம் உங்களுக்குப் புரியாது. இன்னொரு புகார், டாக்டர் தொட்டே பார்க்கறதில்லைன்னு. தொட்டுப் பார்த்து வைத்தியம் பண்ணின காலம் ஒண்ணு இருந்துச்சு. அப்போ இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட்கூடக் கிடையாது. எது வளர்ச்சின்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. இந்த ஊர்ல நல்லா இருக்கோம்னு நினைச்சுக்கிட்டுத் திரிஞ்ச அத்தனை பேரையும் நோயாளியாக் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கோம். இதைவிட ஒரு ஆஸ்பத்திரி என்னய்யா செய்ய முடியும்?"

கைதட்டல் ஓய்ந்ததும் பொன்னாடை போர்த்த அறிவிப்புக்காரியை மேலே கூப்பிட்டார்கள். அவள் பொன்னாடைக்குக் குனியாமல் நேராக மைக்குக்குப் போனாள். உதடு மட்டும் அசைய, பல் பிரியாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தாழ்ந்த குரலில், எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய அந்தச் சாந்தத்தோடு சொன்னாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்தப் படத்தில் இருப்பது என் கன்னம். என் வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்காது. இரவும் பகலும் வலிக்கிறது. முதல் நாளே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. நான் நோயாளி. என்னோடு ஒப்பிட்டுப் பட்டி போட்ட நீங்கள் யாரும் நோயாளி அல்ல. பட்டியை அவிழ்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம். எனக்குச் சிகிச்சை வேண்டும். நன்றி."

பட்டி போட்ட தலைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. மூன்றாவது வரிசையில் நாத்தனார் பட்டியின் கொக்கியில் கை வைத்துவிட்டாள்.

இயக்குநர்தான் முதலில் தட்டினார். இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார்.

"கேட்டீங்களா! என்ன உச்சரிப்பு, என்ன நிதானம்! இவ்வளவு அழகாப் புகார் சொல்ற ஒருத்தருக்கு வாயில என்ன கோளாறு இருக்க முடியும்? ஆரோக்கியத்துக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?"

அறிவிப்புக்காரி மைக்கைப் பிடித்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, அதனால் நோய் இல்லை. இப்போது தன் வாயாலேயே சொல்லிவிட்டாள், அதனாலும் நோய் இல்லை. இந்த இடத்தில் செத்து விழுந்தால்கூட, எவ்வளவு அசையாமல் கிடக்கிறாள், படம் எவ்வளவு தெளிவாக வரும் என்பார்கள்.

சபையின் உற்சாகம் இயக்குநருக்குத் தலைக்கேறிவிட்டது. சர்வீஸிலேயே செய்யாத ஒன்றைச் செய்தார். நோயாளியைத் தொட்டார். "மாதிரித் தசையோட உறுதியை நானே உங்களுக்குக் காட்டறேன். வெளியில கட்டை விரல், உள்ள ஆள்காட்டி விரல், நடுவுல தசை," என்று சொல்லிக்கொண்டே, அவள் விலகுவதற்குள் விரலை அவள் வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பக்கம் அழுத்தினார்.

வலி உச்சந்தலையில் வெடித்தது. வாய் மூடிக்கொண்டது.

"ஆ... ம்மா... விடும்மா. விடு. விடச் சொல்லுங்கய்யா!"

விடவில்லை. அரங்கம் எழுந்து நின்றது. இயக்குநர் இழுத்தார், அவளும் சேர்ந்து வந்தாள். மேடை முழுக்க இரண்டு பேரும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பயிற்சி டாக்டர்கள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். பழக்கம் விடுமா? "இழுக்காதீங்க சார், அப்படியே இருங்க, முதல்ல ஒரு படம் எடுத்துடலாம்! விரலோட சேர்த்து ஒரு தசை இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லை!" என்று ஒருவர் நோயாளியைக் கிடத்தும் தள்ளுவண்டியையே கொண்டு வந்துவிட்டார்.

"படம் வேண்டாம்டா!" என்று இயக்குநர் அலறினார். "படம் வேண்டவே வேண்டாம்! வலிக்குதுடா எனக்கு!"

"வலிங்கறது..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய பயிற்சி டாக்டர் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இந்தப் பொண்ணுக்கு யாராவது வைத்தியம் பண்ணுங்கடா! வாயைத் திறக்க வைங்கடா!"

எப்படி என்று யாருக்கும் சட்டென்று வரவில்லை. தசைப்பிடிப்புக்குச் சூட்டு ஒத்தடம் என்று முதல் வருடப் பாடத்தில் எங்கேயோ படித்தது கடைசியில் முதல் நாள் புகார் கேட்ட அந்த இளைஞருக்குத்தான் ஞாபகம் வந்தது. டீ ஃப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீர் வந்தது. இயக்குநர் நாற்காலி முதுகில் போட்டிருந்த துண்டு வந்தது. நனைத்துப் பிழிந்து, அவள் கன்னத்தில் வைத்து மெல்ல நீவிவிட்டார். அந்த நிலையத்தில் அவளுக்கு நடந்த முதல் சிகிச்சை அது.

இதற்குள் நாத்தனார் பட்டியைப் பிய்த்து எறிந்துவிட்டு மேடையேறியிருந்தாள். இயக்குநரின் காலியான கையில் ஒரு பேனாவைச் செருகி, ஒரு தாளை முன்னால் நீட்டினாள்.

"சார், சும்மாத்தானே நிக்கறீங்க. துண்டு ஆறற வரைக்கும் ஒரு வேலை பார்ப்போம். எழுதுங்க. இவர் நோயாளி. வாய் திறக்காது. சிகிச்சையில இருக்கார். குணமாகற வரைக்கும் லீவு."

"இது... இடது கைம்மா..."

"கோணலா இருந்தாப் பரவால்ல சார், எங்க மேலாளர் படிச்சுக்குவார். சீல் எங்க? பாக்கெட்லயா? அடிங்க. இன்னும் நல்லா அடிங்க. ம், அண்ணிக்கு இன்னொரு தடவை ஒத்தடம் கொடுங்க டாக்டர், பாவம்."

இரண்டாவது ஒத்தடம் ஆறுவதற்குள் தாடை இளகியது. இயக்குநர் விரலை உருவிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். பல் பதிந்த இடம் வரிசையாக, மிகத் தெளிவாக இருந்தது. அரங்கம் முழுக்கக் கொக்கி கழலும் சத்தம் படபடவென்று கேட்டது. அதற்கு அப்புறம் பேச்சுச் சத்தம் எழுந்து கூரையை முட்டியது.

சாலைக்கு வந்ததும் நாத்தனார் பேப்பரை நாலாக மடித்து அண்ணியின் கைப்பையில் வைத்தாள். மடியிலிருந்த கடலையை எடுத்தவள், கூட நடந்தவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அடக்க மாட்டாமல் கேட்டாள்.

"அண்ணி, என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க. அது தானாப் பிடிச்சுக்கிட்டதா, நீங்களாப் பிடிச்சீங்களா?"

அறிவிப்புக்காரி நின்றாள். ஒத்தடத்தில் சிவந்திருந்த கன்னத்தைத் தடவிக்கொண்டாள். இரண்டு விரல் அளவுக்குத் திறந்த வாயால், மாதக்கணக்கில் வராத தெளிவோடு சொன்னாள்.

"வேணும்னா படம் எடுத்துப் பாரு."